பிரதிநிதியின் குரல்

வகுப்புப் பிரதிநிதியாகத் தேர்வானதும் மெர்சியின் தொண்டையில் ஒரு மின்னணுச் சில்லைப் பொருத்தினார்கள். துறைத்தலைவர் முன்னால் பெரும்பான்மை மாணவர்களின் விருப்பம் மட்டுமே இனி அவள் வாயிலிருந்து வரும்.

ஆய்வக வகுப்பைக் காலை ஏழு மணிக்கு மாற்றும் பேச்சு எழுந்தது. "எங்க ஊர்லேர்ந்து அந்நேரத்துக்கு பஸ்ஸே இல்லடி. நீதான் சொல்லணும்," என்றாள் தோழி ஜெரினா. மெர்சி சரி என்றாள்.

கூட்டத்தில் அவள் வாய், "ஏழு மணி எங்க எல்லாருக்கும் வசதி, மேடம்" என்றது.

ஜெரினா படிப்பை விட்டுவிட்டாள்.

பதவி விலகுவதற்காக மெர்சி துறைத்தலைவரிடம் போனாள். வகுப்புக்கோ அவளை மிகவும் பிடித்திருந்தது.

"இந்தப் பொறுப்புலயே தொடர்றேன், மேடம்" என்றது அவள் குரல்.

"அப்புறம் ஏம்மா அழறே?"

மெர்சி உதடுகளை இறுக்கிக்கொண்டாள். அவை தாமாகத் திறந்தன.

"சந்தோஷத்துல, மேடம்."