சாலுச் சண்டை

"சாலு! சாலு!" என்று கத்தினாள் நரசம்மா.

குழாயில் குடம் வைத்திருந்த மணியம்மாள் வெடுக்கென்று திரும்பினாள். "எங்க வீட்டு சாலு ரொம்பினா உனக்கு இன்னாடி வயித்தெரிச்சல்?"

"உன் தண்ணிப் பானையை யார் கேட்டா? தெலுங்குல சாலுன்னா போதும். எடு குடத்தை!"

"கன்னடத்துல சாலுன்னா வரிசை," என்று நடுவில் புகுந்தாள் கெம்பம்மா. "ரெண்டு பேரும் மொதல்ல சாலுல நில்லுங்க!"

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், தொழிலாளர் குடியிருக்கும் அந்த லைன் வீடுகளுக்கெல்லாம் ஒரே குழாய். காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். கூடவே இந்தச் சண்டையும் வரும்.

காவலுக்கு நிற்கும் ஏனோக் ஓடி வருவார். குழாய்க்கு முதுகைக் காட்டி நின்று, மூன்று பேருக்கும் பஞ்சாயத்து பண்ணுவார். பத்து நிமிஷம் போய்விடும்.

புதிதாகக் குடிவந்த குமாஸ்தா ராஜேந்திரனுக்குப் பொறுக்கவில்லை.

"இருபது வருஷமா பக்கத்துப் பக்கத்து வீடு. ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரியாம தினம் அடிச்சுக்கறாங்களே! படிப்பில்லாத ஜனம்."

மறுநாள் அவரே குழாயடிக்கு வந்துவிட்டார். பானை, வரிசை, போதும் என்று மூன்று அர்த்தங்களையும் விரல் விட்டு விளக்கினார். மூன்று பெண்களும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள்.

"இனிமே சண்டை வரக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்."

குழாயடி அமைதியாக இருந்தது. ஏனோக் குழாயைப் பார்த்தபடி நின்றார்.

அப்போது காலிக் குடத்தோடு வந்தாள் சரோஜம்மா. புருஷன் இறந்தபின் லைன் வீட்டைக் காலி செய்துவிட்டு, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் குடிசையில் இருப்பவள். லைன் வீட்டுக்காரர்களைத் தவிர யாரும் அந்தக் குழாயில் பிடிக்கக் கூடாது. பிடிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் ஏனோக்குக்கு வேலை போய்விடும்.

ஏனோக் குழாயையே பார்ப்பதைக் கண்டதும் அவள் தயங்கினாள். பிறகு வந்த வழியே திரும்பினாள்.

"பாத்தீங்களா ஏனோக், ஒரே நாள்ல தீர்த்து வெச்சுட்டேன்!" என்றார் ராஜேந்திரன்.

மெல்லப் போய்க்கொண்டிருந்த காலிக் குடத்தை ஏனோக் பார்த்தார். தண்ணீர் நிற்க இன்னும் பத்து நிமிஷம்தான்.

சட்டென்று பெண்கள் பக்கம் திரும்பிச் சீறினார்.

"இன்னாம்மா, வேடிக்கை பாக்கறீங்க? சீக்கிரம் சண்டை போடுங்க! நான் எவ்ளோ நேரம்தான் குழாயையே பாத்துக்கினு நிக்கறது?"