நேவியோவுக்கு நாலு மார்க்

"நாலா? எனக்கு நாலு மார்க்கா, டீச்சர்?"

கோல்கீப்பர் நேவியோ திங்கட்கிழமைப் பத்திரிகையை மேஜையில் அறைந்த அறையில், எலியோவின் காப்பிக் கடைக் கோப்பைகளெல்லாம் ஒரு சாண் எம்பிக் குதித்தன.

எர்மெலிந்தா டீச்சர் மட்டும் அசையவில்லை. சாராயம் கலந்த காப்பியை நிதானமாக ஒரு வாய் குடித்தார். போ என்ற நதியின் கரையில் இருக்கும் எங்கள் ஊரில், பள்ளிக்கூடத்து மார்க்குக்கும் கால்பந்து ஆட்டக்காரர்களுக்குப் பத்திரிகை போடும் மார்க்குக்கும் ஒரே பெயர்தான். அதனாலோ என்னவோ, ஓய்வுபெற்ற கணக்கு டீச்சரையே பிடித்து, பத்துக்கு இத்தனை என்று போடும் வேலையைக் கொடுத்துவிட்டது பத்திரிகை. ஆறு வாங்கினால் பாஸ். அவர் கையால் ஏழு வாங்கியவன் அதை வெட்டி, சட்டம் போட்டு, மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிடுவான்.

"நாலேதான். பள்ளிக்கூடத்துலயும் உனக்கு நாலுதான் போட்டேன். அப்பவும் இப்படித்தான் குதிச்சே."

"அப்போ மார்க் போனா அம்மாகிட்ட ஒரு அறையோட முடிஞ்சுது. இப்போ போறது பொழப்பு, டீச்சர்! ஆறு மார்க் இருந்தா வந்து கையெழுத்துப் போடுன்னு நகரத்து கிளப்புல சொல்லியிருக்காங்க. இன்னிக்குக் காலையில இந்தக் கடைக்குத்தான் போன் வரும். இல்லேன்னா ஆயுசுக்கும் எனக்குச் செங்கல் சூளைதான்."

"அதுக்காக அள்ளிக் கொடுத்துட முடியுமா? கணக்குச் சொல்றேன், கேளு. முதல் பாதியில நீ பூனை. பாஞ்சு பாஞ்சு பிடிச்சே. அதுக்கு எட்டு. ரெண்டாம் பாதியில நீ உருளைக்கிழங்கு மூட்டை. அதுக்குப் பூஜ்யம். கூட்டி ரெண்டால வகுத்துக்கோ."

"பூஜ்யமா? விட்டது ஒரே ஒரு கோல்!"

"எப்படி விட்டேன்னு சொல்லு. கம்பளி நூல்கண்டு மாதிரி உருண்டு வந்துச்சு பந்து. வழியில ரெண்டு தடவை இளைப்பாறிட்டு வேற வந்துச்சு. உன் காலிடுக்குல நுழைஞ்சு வலைக்குள்ள போய்ப் படுத்துத் தூங்கினதுக்கு அப்புறம்தான் நீ குனியுறே. வலைக்குப் பின்னாலயே நின்னு என் கண்ணால பாத்தேன்டா!"

"சத்தியமா இல்ல, டீச்சர்! என்னைத் தாண்டினது தலையால முட்டின பந்து. மேல் மூலையில போச்சு."

அரை ஊர் கடையில் கூடியிருந்தது. "நீங்க பாத்தீங்களா? நீங்க?" என்று நேவியோ ஒவ்வொருவராகக் கேட்டான். எல்லோரும் உதட்டைப் பிதுக்கிவிட்டுக் கோப்பைக்குள் பார்த்தார்கள்.

கால்தினோ மட்டும் வாய்விட்டுச் சிரித்தான். எங்கள் அணியின் ஒரே கோலை அடித்தவன். பத்திரிகையில் ஒன்பது மார்க்.

"ஒண்ணுக்கு ஒண்ணுன்னு ஆட்டம் வீணானதே உன்னாலதான்டா, மூட்டை! நான் அடிச்சது கோல். முப்பது மீட்டர்லேர்ந்து இடி மாதிரி. வலையில புகை வந்துச்சு!"

முந்தின நாள் சாயங்காலம் இருபது மீட்டராக இருந்த கோல் அது. காலைக் காப்பிக்குள் முப்பதாக வளர்ந்துவிட்டிருந்தது.

"திறமைக்குத்தான் மார்க். பரிதாபத்துக்கு இல்ல" என்றார் டீச்சர்.

போன் அடித்தது. எலியோ எடுத்துக் காதில் வைத்தார். "நேவியோ, நகரத்துலேர்ந்துதான். பத்திரிகையைப் பாத்துட்டாங்களாம்."

நேவியோ போன் பக்கம் போகாமல் அங்கேயே நின்றான். எதையோ யோசித்தவன், மெதுவாகத் திரும்பினான்.

"டீச்சர், கடைசியா ஒண்ணே ஒண்ணு. இடைவேளைக்கு அப்புறம் எங்க நின்னீங்க?"

"அதே இடத்துலதான். நேத்து இருந்த மூடுபனியில ஓரடி நகர்ந்தா ஆத்துலதான் விழணும். மொத்த மைதானத்துலயும் என் கண்ணுக்குத் தெரிஞ்ச ஒரே ஜீவன் நீதான். மத்தவங்களுக்கெல்லாம் அவங்கவங்க சொன்னதைக் கேட்டுத்தானே மார்க் போட்டேன்."

"இடைவேளைக்கு அப்புறம் ரெண்டு அணியும் பக்கம் மாறிக்குமே, டீச்சர். அங்க வந்து நின்ன எதிரணிக் கோல்கீப்பரும் என்னை மாதிரி கறுப்புச் சட்டைதான்."

டீச்சர் எழுந்து போய் எலியோவின் கையிலிருந்து போனை வாங்கினார்.

"பத்திரிகையில பாதி மார்க்தாங்க வந்திருக்கு. நேவியோவோட முழு மார்க் எட்டு" என்று சொல்லி, போனை அவன் கையில் திணித்தார்.

பிறகு, சத்தமில்லாமல் வாசலை நோக்கி நழுவிக்கொண்டிருந்த கால்தினோவைப் பார்த்தார்.

"நில்லுடா, ஒன்பது மார்க்! அப்போ அந்த நூல்கண்டை உருட்டிவிட்டது நீயா?"