ஒப்புக்கொள்ளாதவர்

பண்ணையில் அடைவைத்த முட்டையெல்லாம் கூமுட்டையாகிப் போகவே, யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்று போதகர் வான்கோழிக்குச் சந்தேகம் வந்தது. அடைக்கோழிகளை எழுப்பிக் கூட்டி, வெயில் சாயும்வரை அதைப் பற்றியே பிரசங்கம் செய்தார்.

"கனவுல அந்தப் புள்ளி போட்ட கின்னிக்கோழி என் நெஞ்சுல ஏறி உட்கார்ந்தா, ஐயா," என்றாள் வாத்து.

"அந்தச் சாட்சி போதும்," என்றார் போதகர்.

கின்னிக்கோழி பதறிப்போனாள். "நான் பாட்டுக்குத் தூங்கிக்கிட்டிருந்தேன் ஐயா! நீங்க பிரசங்கம்னு எங்களை நாள் முழுக்க நிக்க வச்சா முட்டை ஆறிப்போகுது. கெடாம என்ன செய்யும்?"

இப்படிப் பேசுகிறவளை விடவே கூடாது என்று போதகருக்குப் பட்டது. "ஒப்புக்கொண்டால் மன்னிப்பு. இல்லையென்றால் வேலிக்கு வெளியே போ."

"செய்யாததை எப்படி ஒப்புக்கறது?"

வெளியே நரி இருந்தது. மறுநாள் வேலியோரம் புள்ளி இறகுகள் மட்டும் கிடந்தன.

அதற்கப்புறம் போதகர் யாரை முறைத்தாலும், அவர் கேட்பதற்குள் ஒப்புக்கொண்டார்கள். கோழிகள், சேவல், கடைசியில் அழுதுகொண்டே வாத்தும். எல்லோரையும் மன்னித்து, இன்னும் நீளமாக ஒரு பிரசங்கம் செய்தார். முட்டை மறுபடியும் கெட்டது.

"இன்னும் ஒப்புக்கொள்ளாத ஒருவர் இங்கே இருக்கிறார்!" போதகர் ஒவ்வொரு முகமாக உற்றுப் பார்த்தார். எல்லாமே ஒப்புக்கொண்ட முகங்கள்.

வாத்து தயங்கித் தயங்கி முன்னால் வந்தாள். "நேத்து எனக்கு ஒரு கனவு, ஐயா."

"யார் வந்தது?"

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

'கனவெல்லாம் ஒரு சாட்சியா?' என்று கேட்கப் போதகர் வாயைத் திறந்தார். அதற்குள் கோழிகள் வேலிக் கதவைத் திறந்துவிட்டு, மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டு நின்றார்கள்.