பதிவேட்டு மாடு

ஏரித் துறைமுகத்துல ஒரே சட்டம்தான். நூறு வருஷத்துக்கு முன்னாடி இதே தேதியில பதிவேட்டுல என்ன எழுதியிருக்கோ, அதே மாதிரிதான் ரயிலும் கிரேனும் ஓடணும். இன்னைக்கு எழுதியிருந்தது, தண்டவாளத்துல மாடு, மூணு மணி நேரம் தாமதம். அதுக்குன்னே செஞ்சு வச்ச ரோபோ மாடு மதியம் ரெண்டு மணிக்கு டாண்ணு வந்து நின்னுடுச்சு.

எஞ்சின் டிரைவர் பவளத்தை நாலு மணிக்குப் பொண்ணு பார்க்க வர்றாங்க. ஏற்கெனவே ரெண்டு தடவை தள்ளிப்போச்சு, இன்னைக்கும் போச்சுன்னா பேச்சே முறிஞ்சிடும்.

"தாயே, நகருடி, என் கல்யாணம்டி!"ன்னு கெஞ்சினா. அது நிதானமா அசை போட்டுச்சு.

வேற வழியில்லாம, கிரேன் ஓட்டுற மாப்பிள்ளை இளமாறனுக்கே போன் போட்டா.

"நானும் கிரேன் உச்சியில மாட்டிக்கிட்டேங்க. நூறு வருஷம் முன்னாடி இன்னைக்குச் சங்கிலி அறுந்துச்சாம்."

"ஐயோ, அப்ப நாளைக்கு?"

"நாளைக்குப் பதிவேட்டுல ஸ்டிரைக் ஆரம்பிக்குதுங்க, பதினேழு நாளு! கல்யாணத்தையே முடிச்சிடலாம்."