மீனிடம் சொன்னது

மகள் வடிவு, எட்வினைக் காதலித்து மணந்ததில் செண்பகராமனுக்குச் சம்மதமில்லை. கென்யாவில் அவர்கள் வீட்டுக்கு வந்து ஒரு வாரமாகியும் மருமகனிடம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "ஃபேனைக் குறைக்கச் சொல்லும்மா" என்று எல்லாமே மகள் வழியாகத்தான்.

அன்று புல்வெளிக்கு நடுவே பொங்கும் பெரிய நீரூற்று ஒன்றைப் பார்க்கப் போனார்கள். மீன்களைப் பார்ப்பதற்காகத் தண்ணீருக்குள் ஒரு கண்ணாடி அறை இருந்தது. மாசமாக இருந்த வடிவு கரையிலேயே நின்றுவிட, ஆண்கள் இருவர் மட்டும் படியிறங்கினார்கள். சற்று நேரத்தில் மேலிருந்து அவள் அலறினாள்.

"வெளிய வராதீங்க! நீர்யானை படிக்கிட்ட நிக்குது!"

செண்பகராமன் பதறிப்போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தார். சொல்லியனுப்ப அங்கே ஆளில்லை. கண்ணாடியோரம் ஒரு மீன் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"கதவைச் சாத்தச் சொல்லும்மா" என்றார் மீனிடம்.

எட்வின் சாத்தினான். "சாத்தியாச்சுன்னு சொல்லு" என்றான், அவனும் மீனைப் பார்த்து.

"அது உள்ள வருமான்னு கேளு."

"வராதுன்னு சொல்லு."

அப்போது நீர்யானை தண்ணீரில் இறங்கியது. மீன் ஓடிவிட்டது. லாரி போன்ற உடம்பு கண்ணாடியை உரசிக்கொண்டு நகர, அறையே இருண்டது. செண்பகராமன் எட்வினின் கையை இறுகப் பற்றிக்கொண்டார்.

"மாப்ள, இந்தக் கண்ணாடி தாங்குமா?"

"தாங்கும் மாமா" என்றான், கண்ணாடியைப் பற்றி ஒன்றும் தெரியாத எட்வின்.

மெல்ல வெளிச்சம் திரும்பியது.

"அது போயிருச்சுப்பா, மேல வாங்க!" என்று வடிவு கூப்பிட்டாள்.

"இரும்மா, பேசிக்கிட்டிருக்கோம்" என்றார் செண்பகராமன்.