ஐம்பத்திரண்டாவது நொடி

என் ஸ்பீக்கரைக் கவிழ்த்துப் போட்டு நான்கு திருகுகளையும் கழற்றினார் கடைக்காரர். உள்ளே இருந்த கருப்புக் காகிதக் கூம்பு ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது.

“என்னம்மா, இதுல பாட்டு போட்டீங்களா, இல்ல இதை வச்சு ஃபுட்பால் ஆடுனீங்களா?”

ஒன்பது மணி நேரம் பஸ்ஸின் அடிவயிற்றில் பெட்டிகளுக்கு நடுவே கிடந்து வந்தது என்றேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு நிகழ்ச்சி என்றும் சொன்னேன்.

மண்டபத்தில் பெரிய ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. இது என் குரலை நானே கேட்டுக்கொள்வதற்கு. இது இல்லாமல் பாடினால் சுருதி எங்கேயோ போய் நிற்கும்.

பசையைத் தடவி, மெல்லிய துணித் துண்டை ஒட்டி, கூம்பை விசிறிக்கு முன்னால் வைத்தார். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். வேறு போக்கிடம் இல்லை. இந்த ஊரில் எனக்கு ஒருவரையும் தெரியாது.

ஆனால் என் பாட்டைக் கேட்கிற ஒரே ஊர் இதுதான்.

நானே எழுதி, நானே இசை சேர்த்து, நானே பாடி இணையத்தில் ஏற்றுகிறேன். மேடை கிடைத்தால் டிஜேயும் நான்தான். அப்பா அம்மாவுக்குக் கல்யாணம் ஆகாத காலத்து டிஸ்கோ. பதினோரு பாட்டுகள் வந்துவிட்டன. எந்த ஊரில் எத்தனை தடவை கேட்டார்கள் என்று செயலி தினமும் காட்டும். ஓர் ஊரில் ஒன்று, இன்னோர் ஊரில் இரண்டு. அந்த ஒன்றும் பாதி நாள் என் அண்ணன்தான்.

இந்த ஊர் மட்டும் வேறு மாதிரி. ஒரே பாட்டு, நாளைக்கு முப்பது நாற்பது தடவை. பதினான்கு மாதமாக. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பூஜ்யம்.

அந்தப் பூஜ்யத்துக்கும் நானே ஒரு காரணம் வைத்திருந்தேன். ஏதோ நடனக் கூட்டம். வாரத்தில் ஆறு நாள் பயிற்சி, ஞாயிறு ஓய்வு. அவர்களுக்கு முகம்கூடக் கொடுத்துவிட்டேன். முன்வரிசையில் குள்ளமாக ஒருத்தி, கால் தரையில் நிற்காது.

இரவு ஷிஃப்ட் வேலையை விட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. மேலாளர் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

உன் பாட்டை எவனாவது கேட்கிறானா என்று அண்ணன் கேட்டான். இந்த ஊரின் எண்களைக் காட்டினேன். போனை வாங்கி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். பிறகு, சரி, அங்கேயே போய்ப் பாடு, பத்துப் பேர் வந்தால் வேலையைப் பற்றி இனி பேச மாட்டேன் என்றான்.

பத்துப் பேர். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

நாலே முக்காலுக்குக் கூம்பு காய்ந்தது. திருகுகளை முடுக்கி, வயரைச் சொருகி, கடைக்காரர் தன் போனில் எதையோ தட்டினார்.

முதல் தாளத்திலேயே தெரிந்துவிட்டது. என் பாட்டு.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். முப்பத்தைந்தாவது நொடியில் பேஸ், அந்தக் கனத்த அடிநாதம், இறங்கியது. மேஜைமேல் கிடந்த திருகுகள் அதிர்ந்தன. தலையாட்டினார். நாற்பதில் நிறுத்தினார். முதலிலிருந்து போட்டார். நாற்பதில் நிறுத்தினார்.

இது யார் பாட்டு என்று கேட்டேன்.

“பாட்டுன்னு சொல்ல முடியாதும்மா, வெறும் மியூசிக்தான். யாரும் பாட மாட்டாங்க. பேஸ் சுத்தமா இறங்கும், அதான். இங்க வர்ற ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் மூணு தடவை இதைத்தான் போடுவேன்.”

ஒரு நாளைக்கு எத்தனை ஸ்பீக்கர் வரும்?

பத்து, பன்னிரண்டு. ஞாயிறு கடை லீவு.

முப்பது நொடி ஓடினாலே ஒரு தடவை கேட்டதாக எண்ணிக்கொள்ளும் அந்தச் செயலி. நான் பாடத் தொடங்குவது ஐம்பத்திரண்டாவது நொடியில்.

மூன்றாவது தடவை போட விரலை வைத்தார்.

“இந்தத் தடவை நிறுத்தாதீங்க” என்றேன்.

காசா பணமா என்பதுபோல் தோளைக் குலுக்கிவிட்டு ஓட விட்டார். நாற்பது தாண்டியது. ஐம்பது தாண்டியது. என் குரல் வந்தது.

அவர் சட்டென்று கண்ணைத் திறந்தார். தலையைச் சாய்த்தார். உச்சுக்கொட்டினார்.

“இருங்கம்மா. குரல் வர்ற இடத்துல கரகரங்குது. இன்னும் எங்கயோ கிழிஞ்சிருக்கு.”

அந்தக் கரகரப்புக்காகத்தான் என் குரலைப் பழைய கேசட்டில் பதிந்து, அதிலிருந்து மறுபடி எடுத்திருந்தேன். அந்தக் காலத்துக் குரல் மாதிரி இருக்க வேண்டுமென்று. மூன்று வாரம் பிடித்தது.

சொல்லியிருக்கலாம்.

அவர் பாட்டைக் குரல் தொடங்கும் இடத்துக்குப் பின்னோக்கி நகர்த்தினார். விசிறியை அணைத்தார். கண்ணை மூடி, காதைக் கூம்போடு ஒட்ட வைத்துக்கொண்டார். முதல் வரி முடிந்தது. மறுபடி போட்டார். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். திரும்பாமலே கையை உயர்த்தி, சத்தம் போடாதே என்று காட்டினார். மறுபடி போட்டார்.

மணி ஐந்தே கால். மண்டபத்தில் கதவைத் திறந்து வைத்திருப்பார்கள்.

நான் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.