ஔசேப்பு மேஸ்திரியின் கோழிக்கூடு

அந்தக் கோழிக்கூட்டை அங்கம்மாள் மூன்றாவது தடவையாகப் புகழ்ந்தாள்.

“நல்ல கெட்டியாத்தான் இருக்கு. பேசாம இதையே எடுத்துருவோம்.”

அவள் புருஷன் சுடலைமுத்து “ம்” என்றான்.

எட்டு மாதமாக அவன் பேச்சு அவ்வளவுதான்.

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிட்டங்கியில் மரப்பெட்டி அடித்துக்கொண்டிருந்தவன். ஒருநாள் அறுப்பு மிஷின் அவன் வலது கையிலிருந்து கட்டைவிரலையும் அதற்கடுத்த விரலையும் கொண்டுபோய்விட்டது. காயம் ஆறியதும் முதலாளி அவனை வாசல் காவலுக்கு வைத்துக்கொண்டார். உளியும் இழைப்புளியும் கிடந்த பெட்டியை அவன் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டான். பகலெல்லாம் வாசலில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களைப் பார்த்தான். வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்தான்.

அப்போதுதான் கோழிகள் வந்து சேர்ந்தன.

இடக்கொச்சியில் இருக்கும் அங்கம்மாளின் தங்கை பாப்பா கொடுத்தனுப்பிய நான்கு கோழிகள். கொல்லையில் விடலாமென்றால் கீரித் தொந்தரவு. ஒரு வாரமாக நான்கும் அடுக்களையிலேயே குடியிருந்தன. ஒன்று அரிசிப் பானைமேல் ஏறினால் இறங்குவதே இல்லை. இன்னொன்று கிட்டங்கிக்குப் போட்டுப்போக அவன் மடித்து வைத்திருந்த காக்கிச் சட்டையில் முட்டையிட்டது.

கூடு செய்துகொள்வோமா, வாங்கிவிடுவோமா என்று அங்கம்மாள் கேட்டாள்.

“வாங்கு” என்றான்.

மழை தொடங்கப் பத்து நாள்தான் இருந்தது. சனிக்கிழமை காலையில் இருவரும் ஜூ டவுனுக்குப் பின்னால் இருக்கும் ஔசேப்பு மேஸ்திரியின் தச்சுப் பட்டறைக்கு வந்தார்கள். எதிர்க் கிட்டங்கி முற்றத்தில் சுக்கு காய்ந்துகொண்டிருந்தது. ஔசேப்பு மேஸ்திரி ஸ்டூலில் உட்கார்ந்து, கூட்டின் பக்கம் திரும்பாமல் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது நம்ம பணியல்லா. வெளியூர்ச் சரக்காணு” என்று மட்டும் பாதி மலையாளத்தில் சொல்லியிருந்தார்.

சுடலைமுத்து கூட்டை ஒருமுறை சுற்றி வந்தான். கதவைத் திறந்தான். மூடப் பார்த்தான். அது மூட மறுத்தது. பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது.

“இதுவா கெட்டி?” என்று அங்கம்மாளைக் கேட்டான். “கூரை முன்னால சரியுது. பெய்யுற மழை பூரா கதவுமேலதான் விழும். அடியில பாரு, சட்டத்துக்குச் சட்டம் இவ்வளவு இடம் விட்டா கோழி கால் மாட்டி ஒடிஞ்சிரும். கதவுக்குக் கீழ உள்ள சந்துல கீரி குடும்பத்தோட உள்ள போகும்.”

அங்கம்மாள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அவன் நிறுத்திவிடுவானோ என்று பயமாக இருந்தது.

கதவோரத்தில் ஓர் ஆணி தலைநீட்டிக்கொண்டு நின்றது. சுடலைமுத்துவின் கை தன்னால் மேஜைமேல் இருந்த சுத்தியலுக்குப் போனது. வலது கை. மூன்று விரலில் சுத்தியல் நிற்காமல் வழுக்கி மேஜையிலேயே விழுந்தது.

அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு இடது கையால் எடுத்தான்.

முதல் அடி மரத்தில் விழுந்தது. இரண்டாவது ஆணியை வளைத்தது. மூன்றாவதில் நிமிர்த்தி, நான்காவதில் இறக்கிவிட்டான்.

“மேஸ்திரி, ரீப்பர் சட்டம் இருக்கா? நானே செஞ்சுக்கிடுதேன்.”

எத்தனை வேண்டும் என்றுகூடக் கேட்காமல் ஔசேப்பு மேஸ்திரி எழுந்து ஓடினார். அவர் ஒரு கட்டு ரீப்பரும் ஒரு சுருள் கம்பிவலையுமாக வந்த வேகத்தைப் பார்த்து அங்கம்மாள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது.

புதன்கிழமை அவள் தனியாக இதே பட்டறைக்கு வந்திருந்தாள்.

ஒரு கோழிக்கூடு வேண்டும், ஆனால் மோசமாகச் செய்துதர வேண்டும் என்று கேட்டாள். ஔசேப்பு மேஸ்திரிக்கு முதலில் அவள் தமிழ் புரியவில்லையோ என்று தோன்றியது. புரிந்தபோது கோபம் வந்தது. பள்ளிக்கு பெஞ்சும் மாதாகோவிலுக்குக் கதவும் செய்த கை என்று சொல்லி அனுப்பிவிட்டார். அங்கம்மாள் மறுநாளும் போய் நின்று, வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பவனைப் பற்றிச் சொன்னாள். கேட்டு முடித்தவர் ரம்பத்தை எடுத்தார். இந்த வேலைக்குக் கூலி வாங்கமாட்டேன், செய்தது நான்தான் என்று ஒருவரிடமும் மூச்சுவிடக் கூடாது என்றார்.

இப்போது ரீப்பர் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு சுடலைமுத்து முன்னால் போனான். கம்பிவலைச் சுருளைத் தலையில் வைத்துக்கொண்டு அங்கம்மாள் பின்னால் வந்தாள். தெரு திரும்பும் இடத்தில் அவன் தானாகவே பேசினான்.

“பாவம் மேஸ்திரி. நீ கேட்டதுக்காக ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பாரு.”

அங்கம்மாளின் கால் நின்றுவிட்டது.

“பின்மூலையைப் பாத்தேன்” என்றான் அவன். “ரெண்டு சட்டத்தையும் தலைமுடி நுழையாத மாதிரி பல்லுக்குப் பல்லு கோத்து வச்சிருக்காரு. இந்த ஊருல அப்படிக் கோக்குறது அவரு ஒருத்தர்தான். அந்த ஒரு இடத்துல மட்டும் மறந்துபோயி நல்லா செஞ்சிட்டாரு.”

அவள் தலையில் சரிந்த சுருளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ரீப்பர் கட்டை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டான்.

“நிக்காத, வா. கோழி அடையறதுக்குள்ள கூட்டுக்கு நாலு காலையாவது நிறுத்திரணும்.”